நிலக் கிரயமும் வாரிசு ஏற்பாடும்: ஐர்லாந்துக் குடியானவர் குடும்பம் கற்பிக்கும் பாடம்

நிலம் வாங்குங்காலத்தில் குடியானவர் எடுத்துக்கொள்ளும் ஜாக்கிரதையில் பாதியேனும் அந்நிலத்தைத் தமக்குப்பின் விட்டுச்செல்லும் விஷயத்தில் எடுத்துக்கொள்வதில்லை. கிரயம் பேசும்போது பக்கத்து நிலக்காரரை விசாரிக்கிறார்கள், வில்லங்கம் பார்க்கிறார்கள், எல்லைக் கல்லையும் வாய்க்கால் பாத்தியதையையும் நேரிற் சென்று பரிசோதிக்கிறார்கள். அவ்வளவு சிரமப்பட்டுச் சம்பாதித்த பூமி தமக்குப்பின் யார் கையில், எந்த நிபந்தனையின்பேரில் சேரவேண்டும் என்பதை மாத்திரம் எழுதிவைக்காமலே காலஞ்சென்றுவிடுகிறார்கள். கிரயக் கடன் தீருமுன்னே பங்கு வியாஜ்யம் தொடங்கிவிடுகிறது.

இவ்விஷயத்தை ஆராய்வதற்கு ஐர்லாந்து தேசத்தின் அனுபவம் மிகவும் ஏற்றது. குத்தகைக் குடிகளாயிருந்த அத்தேசத்துக் குடியானவர்கள், சர்க்கார் கொடுத்த நெடுங்காலக் கடனைக்கொண்டு இரண்டு தலைமுறைக்குள் நிலச் சொந்தக்காரரானார்கள். சொந்தக்காரரான ஒவ்வொருவரும் உடனே வாரிசு விஷயத்துக்கு வழி தேடவேண்டியதாயிற்று. அவர்கள் கண்ட வழியில் நன்மையும் இருந்தது, பெருந்தீங்கும் இருந்தது. இரண்டையும் நம்மவர் அறிந்திருத்தல் நலம்.

1. பழைய நிலைமை

ஐர்லாந்தில் பாரிஷ் எனப்படும் கோயிற்பற்று, ஒரு மாதாகோயிலைச் சேர்ந்த பல சிற்றூர்களின் தொகுதியாகும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இச்சிற்றூர்களின் நிலமெல்லாம் பெரும்பாலும் சில ஜமீன்தார்களுக்குச் சொந்தம். குடியானவன் குத்தகை செலுத்தி உழுதான். ஆயினும் அக்குத்தகைப் பாத்தியதையையே தன் பிள்ளைகளுக்குள் பங்கிட்டுக் கொடுத்துவந்தான். கால் ஏக்கர், அரை ஏக்கர் நிலத்திலும் உருளைக்கிழங்கு பயிரிட்டு ஒரு குடும்பம் உயிர்வாழக்கூடுமாதலால் நிலம் மேன்மேலும் துண்டாடப்பட்டது. 1841-ஆம் வருஷத்து ஜனக்கணிதப்படி தேசத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 82 லட்சம்.

1845-ஆம் வருஷத்தில் உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய் பரவிற்று. ஒரே பயிரை நம்பியிருந்த துண்டு நிலக்காரர்கள் பட்டினிக்கு ஆளானார்கள். 1847-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அந்நிலத்தை விட்டாலன்றிச் சர்க்கார் உதவி பெறக்கூடாதென்று விதித்தது. கஞ்சிக்காக நிலத்தைக் கைவிட்டவர் அனேகர். பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோயிலும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறி வெளிதேசம் சென்றனர். பிழைத்திருந்தவர் மனத்தில் ஒரு தீர்மானம் ஊன்றியது: நிலத்தை இனித் துண்டாடலாகாது. பிற்காலத்து வாரிசு வழக்கத்துக்கு வேர் இதுவே.

2. நிலம் குடிகள் கைக்கு வந்த வகை

1879-ஆம் வருஷத்தில் மேயோ ஜில்லாவில் மைக்கேல் டாவிட் என்பவரின் முயற்சியால் நிலச் சங்கம் ஏற்பட்டது; பார்னெல் அதன் தலைவரானார். அக்கிளர்ச்சியின் பயனாக 1881-ஆம் வருஷத்துச் சட்டத்தால் நியாயமான குத்தகை, வெளியேற்றப்படாத பாத்தியதை, தன் பாத்தியதையை விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்றும் குடிகளுக்குக் கிடைத்தன. குத்தகையை நிர்ணயிக்க நிலக் கமிஷன் நியமிக்கப்பட்டது.

அதன் பிறகே கிரயச் சட்டங்கள் வலுப்பெற்றன. 1885-ஆம் வருஷத்து ஆஷ்போர்ன் சட்டத்தின்படி சர்க்கார் கிரயத் தொகை முழுவதையும் கடனாகக் கொடுத்தது. குடியானவன் வருஷத்துக்கு நூற்றுக்கு 4 வீதம் 49 வருஷம் செலுத்தவேண்டும். 1903-ஆம் வருஷத்து விந்தாம் சட்டம் இதைவிட விசாலமானது. வருஷத் தவணை நூற்றுக்கு மூன்றேகால். அதில் இரண்டேமுக்கால் வட்டி, அரை அசல். காலம் அறுபத்தெட்டரை வருஷம். ஜமீன்தார் விற்க முன்வரும்பொருட்டுக் கிரயத்தின்மேல் நூற்றுக்கு 12 வீதம் சர்க்கார் சன்மானம் சேர்த்துக் கொடுத்தது. பின்னர் 1923-ஆம் வருஷத்துச் சட்டத்தால், சுயாட்சி பெற்ற தென் பகுதியில் மிஞ்சிய குத்தகை நிலங்களும் கட்டாயமாகக் குடிகளுக்கு மாற்றப்பட்டன.

3. ஒரு குடும்பத்தின் கணக்கு

சட்டத்தின் போக்கை விளக்கும்பொருட்டு, கிளேர் ஜில்லாவின் ஒரு கோயிற்பற்றில் 30 ஏக்கர் வைத்திருந்த ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். அது செலுத்திவந்த குத்தகை வருஷத்துக்கு 20 பவுன். 1906-ஆம் வருஷத்தில் 500 பவுனுக்கு நிலத்தைக் கிரயம் பெற்றது. மூன்றேகால் வீதப்படி வருஷத் தவணை 16 பவுன் 5 ஷில்லிங். குத்தகையைவிடத் தவணை 3 பவுன் 15 ஷில்லிங் குறைவு. கையிலிருந்து ஒரு காசும் முதலிடாமல், முன்னிலும் குறைந்த தொகை செலுத்தி, நிலச் சொந்தக்காரனாதல் எளிதில் கிட்டும் பாக்கியமன்று.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் நோக்கவேண்டும். அறுபத்தெட்டரை வருஷம் செலுத்தினால் மொத்தம் 1,113 பவுனுக்கு மேல் ஆகிறது; அதாவது கிரயத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. இருபத்தைந்து வருஷம் தவறாமல் 406 பவுன் 5 ஷில்லிங் செலுத்திய பின்னும் அசலில் கழிந்தது ஏறக்குறைய 88 பவுன்தான். ஆரம்ப வருஷங்களின் தவணை பெரும்பாலும் வட்டிக்கே சென்றுவிடும். பாங்கியிலோ சொஸைட்டியிலோ நெடுங்காலத் தவணைக்குக் கடன் வாங்கும் எவருக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

கடைசித் தவணை 1974-75-இல் வருகிறது. வாங்கியவர் தொடங்க, மகன் தொடர, பேரன் முடிக்கவேண்டும். அப்படியாயின் கிரயப் பத்திரம் எழுதிய நாளிலேயே, கடனைச் செலுத்தப்போகிற அடுத்தவன் யார் என்ற கேள்வியும் பிறந்துவிட்டதன்றோ?

இடையில் வந்த ராஜீய மாறுதலையும் சொல்லவேண்டும். இத்தவணைப் பணம் பிரிட்டிஷ் கஜானாவுக்குச் சென்றுகொண்டிருந்தது. 1932-ஆம் வருஷத்தில் டிவலெரா மந்திரிசபை அதை அனுப்ப மறுத்தது. பிரிட்டன் ஐரிஷ் மாடுகளுக்குச் சுங்கவரி விதித்தது. மாட்டு விலை வீழ்ந்து குடியானவர் கஷ்டப்பட்டனர். 1933-ஆம் வருஷத்துச் சட்டம் குடிகளின் தவணையைப் பாதியாகக் குறைத்தது. நமது உதாரணக் குடும்பத்துக்கு அது 8 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் ஆயிற்று. 1938-ஆம் வருஷத்தில் ஒரே தொகையாக 1 கோடி பவுன் கொடுத்து இரு சர்க்கார்களும் தகராறைத் தீர்த்துக்கொண்டன.

4. பதிவு ஏட்டின் பிரயோஜனம்

சர்க்கார் கடனால் வாங்கிய நிலமெல்லாம் கட்டாயமாகப் பதிவு செய்யப்படவேண்டுமென்று 1891-ஆம் வருஷத்து உரிமைப் பதிவுச் சட்டம் விதித்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஃபோலியோ எனப்படும் ஒரு தனி ஏடு உண்டு. அதில் மூன்று பாகங்கள்: முதலாவதில் நிலத்தின் விவரம், இரண்டாவதில் சொந்தக்காரர் பெயர், மூன்றாவதில் அந்நிலத்தின்மேலுள்ள பாரங்கள். கடன், வழிநடைப் பாத்தியதை, வீட்டில் வசிக்கும் உரிமை ஆகியவை அம்மூன்றாம் பாகத்தில் ஏறும். நிலத்தை வாங்க வருகிறவன் ஓர் ஏட்டைப் பார்த்து முக்கிய விவரங்களை அறியலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குத்தகைப் பாத்தியதையில் அண்ணன் தம்பிகளுக்கோ விதவைத் தாய்க்கோ முன்னமே பங்கு இருந்திருக்கலாம். ஒருவன் பெயரில் நிலம் கிரயமானதனால் மட்டும் அப்பங்கு அழிந்துபோகாது. ஆகையால் பழைய பாத்தியதைகளுக்கு உட்பட்டது என்ற குறிப்போடுதான் புதுச் சொந்தக்காரன் பெயர் ஏட்டில் ஏறிற்று. பழைய மரத்தின் வேரிலிருந்த உரிமை புதுக் கிளையிலும் தொடர்ந்தது. குடும்பப் பூமியை ஒருவர் பெயரில் மாற்றிக்கொண்டபின் மற்றவர் உரிமை தீர்ந்ததென்று எண்ணுவோர் இதனை ஊன்றி நோக்கவேண்டும்.

5. உயிலின்றி இறத்தல்

நமது உதாரணத்துக் குடும்பத் தலைவர் 1931-ஆம் வருஷத்தில் உயில் எழுதாமல் இறந்தார் என்று கொள்வோம். மனைவியும் ஐந்து மக்களும் உள்ளனர். அக்காலச் சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு மக்களுக்குச் சமபாகம். 30 ஏக்கரின் பெறுமானத்தில் தாய்க்கு 10 ஏக்கர், மக்களுக்குத் தலைக்கு 4 ஏக்கர். ஆனால் கடன் தீருமட்டும் நிலக் கமிஷன் சம்மதமின்றி நிலத்தைத் துண்டாடக்கூடாது. ஆகவே பங்கைப் பணமாகவே கொடுக்கவேண்டும். பணம் எங்கிருந்து வரும்?

மூத்த மகள் அமெரிக்காவில் ஊழியம் செய்கிறாள். ஒரு மகன் லிவர்பூல் துறைமுகத்தில் கூலிவேலை பார்க்கிறான். வீட்டிலிருந்து பதினைந்து வருஷம் சம்பளமின்றி உழுதவன் ஒருவன். தவணைக்கு உழைத்தவன் அவன். உரிமையில் அவனுக்கும் நாலு ஏக்கர்தான். இந்நிலையில் பல குடும்பங்கள் ஒன்றும் செய்யாமலிருந்துவிட்டன. இறந்தவர் பெயரிலேயே ஏடு கிடக்க, வீட்டிலிருந்தவன் உழுது தவணையும் கட்டிவந்தான். தன் பெயரில்லாத நிலத்தின்பேரில் பாங்கியில் கடன் பெற அவனால் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் ஏட்டில் யார் பெயர் என்று கேட்டால் விடையில்லை. அவனும் இறந்தபின் இரு தலைமுறை வாரிசுகளின் கையெழுத்தைக் கடல் கடந்து தேடவேண்டியதாயிற்று.

6. ஜீவதசையில் எழுதிவைத்தல்

புத்திசாலிகளான குடும்பங்கள் வேறு வழியைக் கைக்கொண்டன. கான்ராட் ஆரன்ஸ்பெர்க், சாலன் கிம்பல் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் 1930-களின் தொடக்கத்தில் கிளேர் ஜில்லாக் குடியானவர்களோடு வசித்து அதனை விவரமாக எழுதியிருக்கிறார்கள். தகப்பனார் தம் மக்களில் ஒருவனைத் தேர்ந்துகொண்டு அவனுக்குச் சம்பந்தம் பேசுவார். பெண் வீட்டார் வந்து நிலத்தையும் மாட்டையும் பார்த்து, பெண்ணின் சீதனத் தொகையைப் பேசி முடிப்பார்கள். வக்கீல் முன்னிலையில் பத்திரம் எழுதப்படும். அன்றோடு நிலம் மகனுடையது. வந்த சீதனம் அவன் சகோதரிக்குச் சீதனமாகவோ, சகோதரனுக்குக் கப்பற் செலவாகவோ, தொழில் கற்கும் செலவாகவோ போய்ச் சேரும்.

அப்பத்திரத்தில் முதியோர் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் உரிமைகளே நாம் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கவை. அடுப்பங்கரைக்கு அப்பாலுள்ள அறையில் ஆயுள்பரியந்தம் வசித்தல், ஒரு பசு மேய நிலம், உணவுக்கு உருளைக்கிழங்கு, குளிர்காய விறகுக்குப் பதிலான கரிமண் ஆகியவை சொல்லுக்குச் சொல் குறிக்கப்படும். வசிப்புரிமை நிலத்தின் ஏட்டிலும் பாரமாக ஏறும். மகன் நிலத்தை விற்றாலும் வாங்கினவன் அதற்குக் கட்டுப்பட்டவன். மகன் நல்லவனென்று நம்பாததனால் இப்படி எழுதினார்களல்லர். மகனுக்கு முந்தி மருமகளோ, கடன்காரனோ, காலனோ வரலாமென்று அறிந்தவர்கள்.

7. இம்முறையின் தீங்கு

நிலம் துண்டாகாமல் தப்பிற்று. ஆனால் மனிதர் சிதறினர். ஒருவனுக்கு நிலம், ஒருத்திக்குச் சீதனம். மற்றவர்க்குப் பெரும்பாலும் கப்பல்தான் கதி. தகப்பனார் பத்திரமெழுதத் தாமதித்தால் மகன் நாற்பது வயதிலும் வீட்டுப் பிள்ளையாகவே, மணமின்றி இருப்பான். தென் பகுதியின் ஜனத்தொகை 1841-இல் 65 லட்சமாயிருந்தது. 1961-இல் 28 லட்சமே. இவ்வீழ்ச்சிக்குப் பஞ்சமும் தொழிலின்மையும் காரணங்களாயினும், வாரிசு வழக்கமும் ஒரு காரணமாகும்.

பெண்களுக்கு நேர்ந்த அநீதி தனியே சொல்லத்தக்கது. நாற்பது வருஷம் பால் கறந்தும் கோழி வளர்த்தும் தவணைக்குப் பணம் சேர்த்தவளையும், புருஷன் உயிலெழுதி ஒன்றுமில்லாமல் விட்டுவிடப் பழைய சட்டம் இடங்கொடுத்தது. 1965-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டம் 1967 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்து இதனைத் திருத்தியது. உயில் எப்படியிருப்பினும், மக்களிருந்தால் மூன்றிலொன்று, மக்களில்லாவிடில் பாதி, மனைவிக்கு அல்லது புருஷனுக்கு நிச்சயம். உயிலில்லாவிடில் மக்களிருக்கும்போது மூன்றில் இரண்டு. நமது உதாரணத்தில் தாய்க்கு 20 ஏக்கரும் மக்கள் ஐவருக்கும் தலைக்கு 2 ஏக்கருமாகப் பெறுமானம் மாறிவிடுகிறது. தமக்குத் தக்க ஏற்பாடு செய்யவில்லையென்று மக்கள் நியாயஸ்தலத்தில் முறையிடவும் அச்சட்டம் வழி வைத்திருக்கிறது.

8. கோயிற்பற்றுப் புஸ்தகம்

கிராம அதிகாரிகளுக்குப் பயன்படும் விஷயம் ஒன்றுண்டு. ஐர்லாந்தில் எல்லாருடைய பிறப்பையும் இறப்பையும் சர்க்கார் பதியத் தொடங்கியது 1864-ஆம் வருஷத்தில். 1908-ஆம் வருஷத்துச் சட்டப்படி எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை உபகாரச் சம்பளம் ஏற்பட்டபோது, வயதை நிரூபிக்கப் பிறப்புச் சான்று எவரிடமும் இல்லை. கோயிற்பற்றின் ஞானஸ்நானப் புஸ்தகத்தையும் பழைய ஜனக்கணித ஏடுகளையும் தேடிச்சென்றனர். அதுபோலவே வாரிசு யாரென்ற தகராறிலும் ஞானஸ்நான, விவாகப் பதிவுகள் சாட்சியாயின. புஸ்தகம் ஒழுங்காயிருந்த கோயிற்பற்றில் காரியம் நடந்தது. நனைந்தோ தொலைந்தோ போன இடத்தில் உண்மையான வாரிசும் தவித்தான். பிறப்பு, இறப்புப் பதிவில் ஒரு பெயர் விடுபடுதல் அன்றைக்கு அற்பமாய்த் தோன்றும். ஐம்பது வருஷங் கழித்து அது ஒரு குடும்பத்தின் நிலத்தையே அசைத்துவிடும்.

9. நம்மவர் கவனிக்கவேண்டியவை

ஐர்லாந்து வழக்கத்தை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்துக் குடும்பங்களில் 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டமும், 1989-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005-ஆம் வருஷத்து மத்திய திருத்தமும் பெண்மக்களின் உரிமையை உறுதிப்படுத்தியுள்ளன. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளும் மகனைப்போல் பங்குடையவள். சீதனம் வாங்கிப் பங்கு தீர்ப்பதும் 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தால் விலக்கப்பட்டது. எடுத்துக்கொள்ளத்தக்கவை பின்வருவன:

(அ) கடன்பட்டு நிலம் வாங்குமுன், தவணை முழுவதும் தீரும் வருஷத்தைக் கணக்கிட்டு, அன்று தமக்கு என்ன வயதாகும் என்று பார்க்கவேண்டும். தம் ஆயுளுக்கப்பால் தவணை செல்லுமானால், செலுத்தப்போகிறவரையும் யோசனையிற் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

(ஆ) வாங்கும் நிலம் விற்பவரின் தனிச் சொத்தா, குடும்பப் பூமியா என்று விசாரிக்கவேண்டும். பட்டா வருவாய்க் கணக்குக்காக ஏற்பட்டது. பட்டா மாற்றம் மாத்திரமே பாத்தியதையைப் பிறப்பிக்காது. சகோதரிகளின் உரிமை விடுதலைப் பத்திரத்தினாலோ பாகப்பிரிவினைப் பத்திரத்தினாலோ தீர்ந்ததா என்று பார்ப்பது அவசியம்.

(இ) இறந்தவர் பெயரில் பட்டா கிடக்க விடலாகாது. கையெழுத்திடவேண்டியவர் நாலு பேராயிருக்கும்போதே காரியத்தை முடிப்பது சுலபம். நாற்பது பேரானபின் அருமை.

(ஈ) உயில் எழுதுவோர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடவேண்டும். பதிவு செய்தல் கட்டாயமன்றாயினும் பிற்காலச் சந்தேகத்தைக் குறைக்கும். தமக்குரிய பங்கை மாத்திரமே உயிலால் விடலாம். பிறர் பங்கை விட அதிகாரமில்லை.

(உ) ஜீவதசையிலேயே தான செட்டில்மெண்டு எழுதுவோர், தம்மையும் தம் துணையையும் பராமரிக்கவேண்டுமென்ற நிபந்தனையையும் வீட்டில் வசிக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே தெளிவாக எழுதவேண்டும். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, அந்நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், தீர்ப்பாயத்தின் மூலம் அக்கொடையை ரத்துச்செய்ய இடமுண்டு. வாய்ச்சொல்லை நம்பி நிபந்தனையை எழுதாமல் விட்டவர் இவ்வனுகூலத்தை இழக்க நேரிடும்.

(ஊ) நிலத்தில் தங்கி உழைத்த பிள்ளைக்கும் வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள நியாயத்தைப் பெற்றோரே பேசித் தீர்க்கவேண்டும். நிலத்தை ஒருவர் வைத்துக்கொள்வதானால் மற்றவர் பங்குக்குரிய தொகையும், செலுத்தும் கெடுவும் பத்திரத்தில் இருக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் இறப்புப் பதிவு, வாரிசு விசாரணை, பட்டா மாற்றம் ஆகியவற்றைக் காலாகாலத்தில் நடத்திக்கொடுப்பார்களாயின், நியாயஸ்தலத்துக்குச் செல்லும் வியாஜ்யங்களில் பல ஊரிலேயே முளையாமற் போகும். நிலவுடையோர் அடுத்த அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நாட்களில் தம் பத்திரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, மனைவி மக்களை அருகில் வைத்துக்கொண்டு, எந்நிலம் யார் பெயரில் உள்ளது, என்ன கடன் நிற்கிறது, தமக்குப்பின் என்ன ஏற்பாடு என்பதை ஒரு முறை வாசித்துக்காட்டுவது நலம். எழுதவேண்டியது இன்னும் எழுதப்படாமலிருந்தால் அப்பொழுதே தெரியவரும்.